நிலைக்கதவைப் பழுதுபார்க்க அடிக்காலில் இருந்து தொடங்குங்கள்

செட்டிநாட்டு வீடுகளில் நிலைக்கதவு வேலைக்கு என்னைக் கூப்பிடுகிறவர்கள் எல்லோரும் முதலில் மேலேதான் கை காட்டுவார்கள். "கஜலட்சுமி கை உடைஞ்சிருக்கு ஆசாரி, யானைத் தும்பிக்கையைக் காணோம், சரி பண்ண முடியுமா?" முடியும். ஆனால் நான் உடனே மேலே பார்ப்பதில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு நிலைக்காலும் படியில் இறங்கும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பேன். நிலை சாவது அங்கேதான். தும்பிக்கை இல்லாமல் ஒரு நிலை இன்னும் நூறு வருஷம் நிற்கும். அடிக்கால் உளுத்துப்போனால் மேலே இருக்கும் அத்தனை தேவதைகளும் ஒருநாள் சேர்ந்தே சாய்ந்துவிடும்.

அப்பாவிடம் உளி பிடிக்கக் கற்றுக்கொண்டு முப்பது வருஷமாகக் காரைக்குடியைச் சுற்றி இந்த வேலைதான் செய்கிறேன். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு, கல்யாணம், முன்னோர்களுக்குப் படைப்பு என்று வருஷத்துக்கு ஒருமுறை வீட்டைத் திறக்கிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எதை நீங்களே செய்யலாம், எதற்கு ஆசாரியைக் கூப்பிட வேண்டும், எதை யாரும் செய்யக்கூடாது என்று வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் பெயர்கள்

ஆசாரியிடம் பேசும்போது பெயர் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். சுவரோடு நிற்கும் சட்டம் முழுவதும் சேர்ந்து நிலை. சில ஊர்களில் வாசக்கால் என்பார்கள். இரண்டு பக்கமும் நிற்பவை நிலைக்கால்கள். அவற்றின் மேல் படுத்திருப்பது மேல்சட்டம், கீழே மிதிபடாமல் தாண்டிப்போவது வாசற்படி. மேல்சட்டத்துக்கு மேலே கஜலட்சுமி, யாளி, கிளி, அன்னம் என்று நெருக்கிச் செதுக்கியிருக்கும் பெரிய பலகையைச் சூரியப் பலகை என்போம். நிலைக்காலில் ஏறிப்போகும் இலையும் பூவும் கொடிக்கருக்கு. கதவு கீல் இல்லாமல் மேலும் கீழும் மரக்குமிழ் போன்ற முனையில் சுழன்றால் அந்த முனைதான் குடுமி. அது உட்காரும் பள்ளம் குடுமிக்குழி. நாதாங்கி, கொண்டி, தாழ்ப்பாள் எல்லாம் நீங்கள் அறிந்தவைதான்.

இந்த நிலைகளில் பெரும்பாலானவை பர்மா தேக்கு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி 1940களின் தொடக்கம் வரைக்கும் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவில் தொழில் செய்த காலத்தில், ரங்கூனில் இருந்தும் மோல்மேனில் இருந்தும் கப்பலில் வந்த மரம். 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததோடு அந்தக் காலம் முடிந்துபோனது. காட்டில் மெதுவாக வளர்ந்து முதிர்ந்த அந்தத் தேக்கில் வரிகள் நெருக்கமாக ஓடும், எண்ணெய்ப்பசை அதிகம், கரையான் லேசில் தொடாது. இன்று கடையில் வாங்கும் தோட்டத் தேக்கு அதற்கு ஈடாகாது. அதனால்தான் பழைய நிலையில் இருந்து ஒரு விரற்கடை மரத்தைக்கூட அவசியம் இல்லாமல் வெட்டி எடுக்க எனக்கு மனசு வராது.

எப்போது வேலையைத் தொடங்குவது

தை மாதம் தொடங்கிப் பங்குனிக்குள் முடித்துவிடுங்கள். மழை ஓய்ந்து, மரம் குடித்த ஈரத்தை விட்டிருக்கும். வெயிலும் கொடுமையாக இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஊதியிருக்கும்போது கதவு இடிக்கிறது என்று இழைப்புளியால் சீவிவிட்டு, சித்திரையில் இரண்டு கதவுக்கும் நடுவே விரல் நுழைகிற இடைவெளியைப் பார்த்து வருத்தப்பட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் கதவு இறுகினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்தில் தானே இளகும்.

சோதனை

நல்ல டார்ச் ஒன்று, கூரான கோணி ஊசி ஒன்று, ரசமட்டம், தூக்குக்குண்டு. இவ்வளவு போதும். டார்ச்சை நேராக அடிக்காமல் மரத்தை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். வெடிப்பும் மேடும் பள்ளமும் நிழலில் தெரிந்துவிடும். நிலைக்காலின் கீழ் ஓர் அடி உயரத்துக்கு ஊசியால் மெதுவாகக் குத்திப் பாருங்கள். நல்ல தேக்கில் ஊசி ஒரு நூலுக்கு, அதாவது அரைக்கால் அங்குலத்துக்கு, மேல் இறங்காது. வெண்ணெயில் இறங்குவது போல் போனால் உள்ளே ஒன்றும் இல்லை. கைமுட்டியால் தட்டினாலும் தெரியும். கெட்டி மரம் "டக்" என்று சொல்லும், உளுத்தது பொத்தென்று கேட்கும்.

சின்னச் சின்ன ஓட்டைகள் தெரிந்தால் பயப்படாதீர்கள். ஓட்டை பழையதாக இருக்கலாம். கீழே கறுப்புத் தாள் ஒன்றை விரித்து ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். தாளில் மாவு போலத் தூள் விழுந்திருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். தேக்கின் வைரத்தில், அதாவது கெட்டியான நடுமரத்தில், பூச்சி அபூர்வம். வெளிர்நிறமாகத் தெரியும் வெள்ளைப் பகுதியில்தான் ஏறும். சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் அது கரையான். அதைத் துடைத்துவிட்டுப் போவதில் பயன் இல்லை. புற்று தரைக்குள் இருக்கும், மருந்து அடிக்கிறவர் வந்து தரையிலும் சுவரடியிலும் பார்த்தாக வேண்டும்.

தூக்குக்குண்டை மேல்சட்டத்தில் இருந்து தொங்கவிட்டு நிலைக்காலோடு ஒப்பிடுங்கள். கால் ஒரு பக்கம் இறங்கியிருந்தால் மேல்சட்டத்தின் மூலை இணைப்பு வாய் பிளந்திருக்கும். அப்போது உங்கள் வேலை முடிந்தது, ஆசாரி வேலை தொடங்கியது.

ஓர் ஆச்சி வீட்டு நிலை

அடிக்கால் ஏன் உளுக்கிறது என்பதற்கு ஒரு வீட்டைச் சொல்கிறேன். காரைக்குடிக்கு வடக்கே ஒரு கிராமம். ஆச்சி தனியாக இருந்தார்கள். முகப்பில் இரட்டைக் கதவு, சூரியப் பலகையில் நடுவே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யாளி, யாளியின் வாயில் இருந்து இறங்கும் கொடி நிலைக்கால் முழுக்க ஓடி அடியில் ஒரு பூமொட்டில் முடியும். இடது காலில் அந்தப் பூமொட்டு இருந்த இடத்தில் சிமெண்ட் உருண்டை ஒன்று இருந்தது.

"யாரு ஆச்சி இதைப் பூசினது?"

"பத்து வருசமிருக்கும் தம்பி. கொஞ்சம் உதிர்ந்துதுன்னு கொத்தனாரை விட்டு அடைச்சேன். நல்லாத்தானே நின்னுச்சு."

சிமெண்ட்டை உளியால் தட்டி எடுத்தேன். பின்னால் இருந்த மரம் ஈரப் புகையிலை மாதிரி கையோடு வந்தது. முழங்கை உயரத்துக்கு உள்ளே வெறும் கூடு. வெளித்தோல் மட்டும் கொடிக்கருக்கோடு அழகாக நின்றுகொண்டிருந்தது. வலது காலைக் குத்திப் பார்த்தால் இரும்பு. இரண்டும் ஒரே மரம், ஒரே வயசு, ஒரே மழை. வலது காலடியில் பழைய சுண்ணாம்புக் காரை அப்படியே இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கும், வெயில் அடித்தால் விட்டுவிடும். சிமெண்ட் அப்படி மூச்சுவிடாது. மரத்துக்கும் சிமெண்ட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி வந்துவிடும். அதன் வழியாக உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை. அதோடு முகப்புத் தரைக்கு மேலேயே புது டைல்ஸ் ஒட்டி ஒன்றரை அங்குலம் உயர்த்தியிருந்தார்கள். வாசற்படி தரைக்குள் புதைந்து, கழுவிவிடும் தண்ணீர் எல்லாம் நிலைக்காலில்தான் போய் நின்றது. உங்கள் வீட்டு நிலையடியில் சிமெண்ட் இருந்தால், செதுக்கலில் கை வைப்பதற்கு முன்னால் அதை எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அடிக்காலுக்குப் புதுக்கால்

இது ஆசாரி வேலை. ஆனாலும் கூட நின்று பார்க்கிறவருக்கு முறை தெரிந்திருக்க வேண்டும்.

காலை வெட்டுவதற்கு முன் மேலே இருக்கும் சுமைக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பல வீடுகளில் நிலைக்கு மேலே செங்கல் வளைவு இருக்கும், சுவரின் பாரத்தை அது தாங்கும். சில வீடுகளில் மேல்சட்டமே தாங்கிக்கொண்டிருக்கும். எது என்று தெரியாமல் ரம்பத்தை எடுக்கவே கூடாது. ஆச்சி வீட்டில் இரண்டு ஜாக்கி, குறுக்கே ஒரு கனமான சட்டம், செதுக்கலில் படாமல் இருக்கச் சாக்குமெத்தை வைத்து இறுக்கினோம். கதவுகளை முன்னமே கழற்றி எடுத்துவிட்டோம். ஒரு கதவு 7 அடி உயரம், 2 அடி அகலம், 2 அங்குல கனம் என்றால் இரண்டே கால் கன அடிக்கு மேல் வரும். தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ. செதுக்கலும் இரும்பும் பித்தளையும் சேராமலே 40 கிலோ தாண்டும். ஒற்றை ஆளாகக் கதவைக் குடுமியில் இருந்து தூக்கவே தூக்காதீர்கள்.

உளுத்ததை நல்ல மரம் வரும் வரைக்கும்தான் வெட்ட வேண்டும், அதற்கு மேல் ஓர் அங்குலம் போதும். நேர்க்கோட்டில் அறுத்து அடியில் கட்டையை முட்டுக் கொடுத்தால் அது இணைப்பே இல்லை. பழைய காலில் பாதி கனம், புதுக் கட்டையில் பாதி கனம் வெட்டி ஒன்றை ஒன்று தழுவும்படி ஏற்ற வேண்டும். தழுவும் நீளம் கால் அகலத்தைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு வேண்டும். ஆறு அங்குலக் காலுக்கு ஒன்றேகால் அடிக்குக் குறையாமல் வைப்பேன். வெளிமுகத்தில் தெரியும் வெட்டுக்கோடு உள்ளே இருந்து வெளியே சரிந்து இறங்க வேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் இணைப்புக்குள் போகாமல் வெளியே வடியும். இந்த ஒரு சரிவை மறந்தால் பத்து வருஷத்தில் மறுபடியும் அதே வேலை.

ஆணி, ஸ்க்ரூ போடுவதில்லை. மூங்கில் முளை இரண்டு, நன்றாகக் காய்ந்தது. புதுக் கட்டைக்குப் பழைய தேக்குதான் வேண்டும். இடித்த வீடுகளின் உத்திரத்தில் இருந்து எடுத்த மரத்தைப் பட்டறையில் இதற்காகவே சேர்த்து வைத்திருக்கிறேன். வரியோட்டம் மேலிருந்து கீழாக, பழைய காலின் வரியோடு சேர்ந்து ஓட வேண்டும். அடிமுனைதான் தண்ணீரை உறிஞ்சும் வாய். அங்கே முந்திரிக்கொட்டையின் ஓட்டில் இருந்து எடுக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெயை இரண்டு முறை ஊறவிட்டு, அடியில் ஈயத்தகடு வைத்துக் கருங்கல்மேல் நிறுத்தினேன். முந்திரிக்கொட்டை எண்ணெய் தோலைப் புண்ணாக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சுற்றிலும் சிமெண்ட் இல்லை, சுண்ணாம்புக் காரை மட்டும். மரத்தை ஒட்டி அரை அங்குலம் இடம் விட்டு.

இடது காலைப் பிரித்தபோது பின்பக்கம், இத்தனை வருஷம் சுவரைப் பார்த்தே நின்ற முகத்தில், மேல்சட்டம் நுழையும் துளைக்குப் பக்கத்தில் உளியால் ௩ என்று, தமிழ் எண்ணில் மூன்று, கீறியிருந்தது. மேல்சட்டத்தின் நாக்கிலும் அதே ௩. எந்த நாக்கு எந்தத் துளைக்கு என்று அந்த ஆசாரி தனக்காகப் போட்டுக்கொண்ட அடையாளம். மரம் செதுக்கும் கருவியான வாய்ச்சியால் சீவிய தழும்புகள் அப்படியே இருந்தன, விரலை வைத்தால் ஒவ்வொரு வீச்சும் தெரிந்தது. முன்பக்கத்தில் யாளியின் பல்லைக்கூட மெருகேற்றியவர், யாரும் பார்க்காத பின்பக்கத்தில் இழைப்புளியை ஓட்டி நேரத்தை வீணாக்கவில்லை. அதன் கீழே நான் வருஷத்தை மட்டும் கீறினேன். நீங்கள் வேலை செய்யச் சொன்னாலும் பின்னால் வருஷம் போடச் சொல்லுங்கள். அடுத்து பிரிக்கிறவருக்கு எது பழசு, எது புதுசு என்று தெரிய வேண்டும்.

பூமொட்டைக் கடைசியாகச் செதுக்கினேன், கட்டை பொருந்தி நின்ற பிறகு. வலது கால் மொட்டின் மேல் தாளை வைத்துக் கரித்துண்டால் தேய்த்து அச்சு எடுத்து, அதைத் திருப்பிப் போட்டு வரைந்து கொண்டேன். இரண்டும் எதிரெதிர் பார்க்கிற மொட்டுகள். திருப்பாமல் செதுக்கியிருந்தால் இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

சுத்தம் செய்வது

இது நீங்களே செய்யலாம். அவசரப்படக் கூடாது என்பது மட்டும்தான் விதி.

முதல் இரண்டு நாள் தண்ணீரே வேண்டாம். ஓர் அங்குல பெயிண்ட் பிரஷ், பழைய பல்தேய்க்கும் பிரஷ், நுனி சீவிய மூங்கில் குச்சி. மேலிருந்து கீழாகத் தூசியை இறக்குங்கள். சந்துகளில் குளவிக்கூடு, ஒட்டடை, நூறு வருஷத்துக் கற்பூரப் புகை எல்லாம் இருக்கும். மூங்கில் குச்சிதான் வேண்டும்; ஸ்க்ரூ டிரைவரோ கம்பியோ வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்குக்கு, பருத்தித் துணியில் கொஞ்சம் டர்பன்டைன் தொட்டுத் துடையுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் செய்து பாருங்கள். மஞ்சளும் குங்குமமும் கட்டியாக இறுகியிருந்தால், பிழிந்த ஈரத்துணியைக் கால்மணி நேரம் வைத்து ஊறவிட்டு எடுத்தால் தானே பெயரும்.

எனாமல் பெயிண்ட் பூசிய நிலைகள்தான் பெரிய சோதனை. வெள்ளை, பச்சை, சந்தன நிறம் என்று ஐந்தாறு பூச்சு இருக்கும். முழுவதையும் உரிக்க ஆரம்பிப்பதற்கு முன், ஓர் அங்குலச் சதுரத்தில் மட்டும் ஒவ்வொரு பூச்சாக எடுத்துப் பாருங்கள். கடைசியில் மரம் வந்தால் தொடரலாம். மரத்துக்கு முன்னால் மங்கலான சிவப்போ பச்சையோ மாவு போல மெல்லியதாகத் தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அது செதுக்கியவர் காலத்து வர்ணமாக இருக்கலாம், போனால் திரும்ப வராது. பழைய பெயிண்ட்டில் ஈயம் இருக்கும். உலர்ந்த பெயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பறக்கவிடாதீர்கள். முகமூடி போட்டு, கீழே தார்ப்பாய் விரித்து, சிறு குழந்தைகளை அந்தப் பக்கம் வரவிடாமல் செய்யுங்கள். ஜெல் வடிவில் கிடைக்கும் பெயிண்ட் ரிமூவரைத் தடவி, இளகியதும் மூங்கில் குச்சியால் வழித்தெடுப்பது நல்ல வழி. ஹீட் கன் வைத்தால் ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள். கருகிய கிளிமூக்கைத் திரும்ப ஒட்ட முடியாது.

காஸ்டிக் சோடா மட்டும் கூடவே கூடாது. எனக்கு இருபது வயசு இருக்கும்போது, சீக்கிரம் முடித்துக் கொடுத்தால் அடுத்த வேலை கிடைக்கும் என்ற ஆசையில், அப்பா ஊரில் இல்லாத நேரம் பார்த்து, ஒரு சூரியப் பலகையைக் காஸ்டிக் கரைசலில் கழுவினேன். பெயிண்ட் அரைமணி நேரத்தில் போனது. மறுநாள் தேக்கு கறுத்து, நார் நாராக எழுந்து நின்றது. அன்னத்தின் இறகு வரிகள் எல்லாம் மழுங்கி, தடவினால் நாய்முடி மாதிரி இருந்தது. அப்பா வந்து பார்த்தார். திட்டவில்லை. அன்னத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். அந்த வீட்டுக்காரரிடம் கூலி வாங்கவில்லை. இன்றைக்கும் டிரம்மில் போட்டு ஊறவைத்துக் கொடுக்கிறோம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் நிலையை அவர்களிடம் அனுப்பாதீர்கள்.

அதேபோல் இரும்புக் கம்பளி போட்டுத் தேய்க்காதீர்கள். இரும்புத்தூள் மரத்தில் தங்கி, முதல் ஈரத்துக்குக் கறுப்புப் புள்ளியாகப் பூக்கும். தேங்காய் நார் போதும். செதுக்கலில் உப்புத்தாளே வேண்டாம். உளியின் கூர்மையான விளிம்பில்தான் நிழல் விழுகிறது, நிழலில்தான் உருவம் தெரிகிறது. தேய்த்து உருட்டிவிட்டால் யாளி பூனையாகிவிடும்.

பித்தளைக் குமிழுக்குப் புளியும் உப்பும் சரி. ஆனால் குமிழைச் சுற்றி மரத்தில் செய்தித்தாளை ஒட்டி மறைத்துக்கொண்டு தேயுங்கள். புளித்தண்ணீர் தேக்கில் இறங்கினால் கறை நிற்கும்.

உடைந்த கையையும் தும்பிக்கையையும் பற்றி ஒரு வார்த்தை. உடைந்த துண்டு வீட்டில் எங்காவது கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பரணில், பூஜை அறை டப்பாவில், பித்தளைச் சாமான்களுக்கு நடுவில் என்று நான் எதிர்பாராத இடங்களில் எல்லாம் கிடைத்திருக்கிறது. பெரியவர்கள் சாமி கையைக் குப்பையில் போடமாட்டார்கள். துண்டு கிடைத்தால் ஒட்டிவிடலாம். கிடைக்காமல், எப்படி இருந்தது என்பதற்குப் படமோ எதிர்ப்பக்கத்து ஜோடியோ இல்லாமல் இருந்தால், உடைந்தபடியே விட்டுவிடச் சொல்வேன். கற்பனையில் புதுக் கை வைப்பதைவிட அது மரியாதை.

குடுமி

கதவு தரையில் தேய்கிறது என்றால் பெரும்பாலும் கீழ்க்குடுமி தேய்ந்திருக்கும். அடியைச் சீவ வேண்டாம். கதவைத் தூக்கி, குடுமிக்குழிக்குள் தேய்ந்த அளவுக்கு ஒரு பித்தளை வட்டு போட்டால் கதவு எழுந்துகொள்ளும். கிறீச்சிட்டால் விளக்கெண்ணெய் நாலு சொட்டு. வண்டி எஞ்சினில் கழித்த எண்ணெயைக் குடுமியிலும் ஊற்றாதீர்கள், நிலையிலும் பூசாதீர்கள். மரம் கறுத்து, தூசி ஒட்டி, அதற்குப் பிறகு எந்த எண்ணெயையும் ஏற்காது.

எண்ணெய் பூச்சு

வார்னிஷ், பாலிஷ், பிளாஸ்டிக் மாதிரி மினுங்கும் எந்தப் பூச்சும் வெளிவாசல் நிலைக்கு வேண்டாம். வெயிலில் அந்தத் தோல் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் புகும், இரண்டு வருஷத்தில் செதில் செதிலாக உரிந்து மறுபடி சுரண்ட வேண்டிவரும். கடையில் பாயில்டு லின்சீட் ஆயில் என்று கிடைக்கும் ஆளிவிதை எண்ணெய்தான் என் கை மருந்து. முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. பிரஷ்ஷால் தடவி, இருபது நிமிஷம் கழித்து மரம் குடிக்காமல் மிச்சம் நிற்பதைப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். செதுக்கல் பள்ளங்களில் தேங்கவிட்டால் பிசினாக இறுகும். இரண்டு நாள் காயவிட்டு, இரண்டாவது பூச்சு டர்பன்டைன் கலக்காமல், இன்னும் மெல்லியதாக. தேவைப்பட்டால் மூன்றாவது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு ஏறித் தானாகவே தீப்பிடிக்கும். பட்டறைகள் எரிந்திருக்கின்றன. துணியைத் தண்ணீர் வாளியில் அமுக்கிவையுங்கள், அல்லது வெட்டவெளியில் கொடியில் விரித்துக் காயப்போடுங்கள்.

பழைய நிலை வாங்குகிறவர்களுக்கு

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் சுவரோரம் சாய்த்துவைத்த நிலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். பங்காளிகள் பெருகி, பராமரிக்க முடியாமல் இடித்த வீடுகளின் வாசல்கள் அவை. வீடு நிற்கும்போதே நிலையை மட்டும் பெயர்த்து விற்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. வாசலைப் பெயர்த்துவிட்டு வீட்டைக் காப்பாற்றினோம் என்று சொல்ல முடியாது. வீடே போய்விட்டது, நிலை மட்டும் மிச்சம் என்றால் நல்ல கையில் சேரட்டும்.

வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். பழைய நிலையில் வாய்ச்சித் தழும்போ கைரம்பம் இழுத்த நேர்க்கோடோ இருக்கும். வட்டரம்பம் விட்ட வளைகோடு தெரிந்தால் மெஷினில் அறுத்த மரம். பின்பக்கம் சின்னதாகச் சீவி முகர்ந்து பாருங்கள். தேக்குக்குத் தோல் பை மாதிரி ஒரு வாசனை உண்டு. நாட்டு மரத்தைச் சாயம் ஏற்றி விற்றால் அது வராது. நிலைக்கால் ஒரு வீட்டிலும் சூரியப் பலகை இன்னொரு வீட்டிலும் எடுத்து ஜோடி சேர்த்திருப்பார்கள். கொடி மேலிருந்து கீழே தடைபடாமல் ஓடுகிறதா என்று விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். உள்கட்டு நிலைகள் குட்டையானவை, குனிந்து நுழைகிற உயரம். வாங்கி வந்தபிறகு பீரோ நுழையவில்லை என்று மேல்சட்டத்தை அறுக்கச் சொல்லாதீர்கள்.

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய செதுக்குவேலை தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வயசு சந்தேகமாக இருந்தால், கப்பலில் ஏற்றுவதற்கு முன் இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். பிள்ளைகள் அமெரிக்காவில் வீடு கட்டுகிறார்கள் என்று ஆசைப்படுகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதை நினைவில் வையுங்கள்.

புது வீட்டில் வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செட்டிநாட்டில் இவ்வளவு நுணுக்கமான செதுக்கல் மழையில் நனைந்ததே இல்லை. முகப்பின் கூரைக்குள், திண்ணைக்குப் பின்னால், நிழலில்தான் நின்றது. அதைக் கொண்டுபோய்க் காம்பவுண்டு கேட்டில் வானத்துக்குக் கீழே நிறுத்துகிறார்கள். ஐந்து வருஷம் தாங்காது. தலைக்கு மேல் நல்ல ஆழமான கூரை இல்லாத இடத்தில் நிலையை வைக்காதீர்கள். நிறுத்தும்போது சட்டத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் மெல்லிய மரச்சட்டங்களை அடித்துவிட்டுச் சுவர் எழுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சுவரின் அழுத்தத்தில் கால்கள் நடுவில் உள்வாங்கும். நல்ல நேரம் பார்த்து நவதானியமும் ஐம்பொன்னும் மஞ்சள் துணியில் முடிந்து அடியில் வைக்கிறீர்கள் அல்லவா, அந்த முடிச்சுக்குக் கீழே ஈயத்தகட்டையும் வைத்துவிடுங்கள்.

வருஷந்தோறும்

புரட்டாசி கடைசியில், மழைக்கு முன்னால், ஒருநாள் ஒதுக்குங்கள். தூசி தட்டி, கீழ் ஓர் அடிக்கு மட்டும் எண்ணெய் ஒரு பூச்சு. ஊசியால் நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். அடிக்காலைப் படம் எடுத்து வையுங்கள், போன வருஷத்துப் படத்தோடு ஒப்பிட.

ஆச்சி வீட்டில் காரை காய்ந்து கதவை மாட்டிய அன்று, வேலை முடிந்த சந்தோஷத்தில் ஆச்சி இரண்டு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து முகப்பைக் கழுவ ஆரம்பித்தார்கள். முதல் வீச்சு நேராக நிலைக்காலில் போய் அடித்தது. ஐம்பது வருஷப் பழக்கம். வாளியை வாங்கி, ஆச்சியை நிலைக்கு முதுகு காட்டி நிற்கவைத்து, அங்கிருந்து தெருப்பக்கமாக ஊற்றச் சொன்னேன். நிலையை ஒட்டி இரண்டு சாண் அகலத்துக்குச் சாக்கட்டியால் கோடு போட்டேன். கோட்டுக்கு உள்ளே பிழிந்த துணி மட்டும், கோட்டுக்கு வெளியே எத்தனை வாளி வேண்டுமானாலும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முகப்பைக் கழுவ யார் வந்தாலும் முதலில் அந்தக் கோட்டைக் காட்டுங்கள்.